இருட்டிய பின் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பது

கோழிகள் அடைந்து அரைமணி நேரம் கழிந்த பின், டார்ச் வெளிச்சத்தைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு கூட்டுக்குள் நுழைவது என் வழக்கம். பகலில் கைக்கு எட்டாமல் ஓடும் கோழிகூட அந்நேரத்தில் கம்பின்மேல் மரக்கட்டைபோல் உட்கார்ந்திருக்கும். கழுத்து மார்போடு சேரும் இடத்தில், நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக விரல்களை வைத்தால், அன்று அது எவ்வளவு தின்றது என்பது தெரிந்துவிடும். வயிறாரத் தின்ற பெட்டையின் தீனிப்பை உள்ளங்கையில் அடங்கும் பந்துபோல் திரண்டு, அழுத்தினால் ஈரமணலைப்போல் இளகிக் கொடுக்கும். அரைகுறையாகத் தின்றதன் தீனிப்பையில் ஒரு பிடி மட்டும் அடியில் தங்கியிருக்கும். ஓர் இரவு, பதினொரு வார வயதுடைய நான்கு இளம்பெட்டைகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தபோது, மூன்றாவதன் மார்பில் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் தோல் மட்டும் காற்றுப்போன பைபோல மடிந்தது. அதே கூட்டுக்கு வெளியே தீவனத் தொட்டியில் அன்று காலையில் போட்ட தீவனத்தில் பாதி அப்படியே கிடந்தது.

அதுவரை கலப்பு வயதுக் கோழிகளுக்குத் தீவனம் போடுவதை மூட்டையின்மேல் அச்சிட்ட எண்களைப் படித்துத் தீர்த்துவிடக்கூடிய கணக்காகவே நான் எண்ணியிருந்தேன். அப்போது என்னிடம் ஒரு சேவல், முட்டை குறைந்துவிட்ட இரண்டு கிழப் பெட்டைகள், நன்றாக முட்டையிடும் ஐந்து பெட்டைகள், இந்த நான்கு இளம்பெட்டைகள், அடையிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு தாய், அதன் ஏழு குஞ்சுகள் என இருபது உயிர்கள் ஒரே முற்றத்தில் மேய்ந்தன. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு மூட்டை என்று தீவன ஆலைகள் பிரித்து வைத்திருப்பது, ஒரே வயதுக் கோழிகளை ஒரே கொட்டகையில் வளர்க்கும் பண்ணைகளுக்காக. அங்கே மந்தை முழுவதும் ஒரே நாளில் குஞ்சுத் தீவனத்திலிருந்து வளர் தீவனத்துக்கும், பிறகு முட்டைக்கோழித் தீவனத்துக்கும் மாறும். வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. யாராவது ஒருத்தி எப்போதும் குஞ்சாக இருப்பாள். யாராவது ஒருத்தி எப்போதும் கிழவியாக இருப்பாள்.

எண்கள் முக்கியம் அல்ல என்று சொல்ல வரவில்லை. அவற்றில் ஒன்றில் தவறினால் அதைத் திருத்தவே முடியாது. முட்டையினக் குஞ்சுகளுக்கான முதல் தீவனத்தில் புரதம் 18 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். வளர் தீவனத்தில் அது 15, 16 வரை இறங்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 வரை இருக்கும். புரதத்தில் உள்ள இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றினாலும், கலப்பு மந்தைக்காரனைக் கவலைப்பட வைக்க வேண்டிய எண் இது அன்று. குஞ்சுத் தீவனத்திலும் வளர் தீவனத்திலும் கால்சியம் சுமார் 1 விழுக்காடு. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4.5 விழுக்காடு. அதாவது நான்கு மடங்கு. மூட்டையில் சிறிய எழுத்தில் கிடக்கும் இந்த ஓர் எண்தான் எந்த மூட்டையை முற்றத்தில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது.

கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. உடலில் சேரும் கழிவு நைட்ரஜனை அது யூரிக் அமிலமாக மாற்றி, எச்சத்தின் தலையில் நாம் பார்க்கும் வெள்ளைத் தொப்பியாக வெளியேற்றுகிறது. இந்த வேலையைச் செய்யும் சிறுநீரகம், முட்டையிடத் தொடங்காத இளம் உடலில், தேவைக்கு மிஞ்சி வந்த கால்சியத்தையும் வெளியே தள்ளியாக வேண்டும். முட்டையிடும் பெட்டைக்கு அந்தக் கால்சியம் போக ஓர் ஓடு இருக்கிறது. குஞ்சுக்கு அப்படிப் போக்கிடம் இல்லை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் இது தொடர்ந்தால் சிறுநீரகக் குழாய்களில் கல் படிகிறது, ஒரு பகுதி சுருங்கிப் போகிறது, எஞ்சிய பகுதி இரட்டைச் சுமை சுமக்கிறது. முற்றிய நிலையில் இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால், இதயத்தின்மேலும் கல்லீரலின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் தெரியும். கொடுமை என்னவென்றால், இந்தச் சேதம் நடக்கும்போது வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். குஞ்சு ஓடும், கிளறும், வளரும். முட்டையிடத் தொடங்கி உடலுக்குச் சுமை ஏறிய பிறகே ஒருநாள் காரணம் தெரியாமல் விழும். அப்போது அது குஞ்சாக இருந்தபோது தின்ற தீவனத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதே கால்சியத்தை முட்டையிடும் பெட்டையின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு முட்டையின் ஓடு ஐந்து ஆறு கிராம் எடையுள்ளது. அதில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகக் கால்சியம் இருக்கிறது. முட்டை உருவாக ஆகும் இருபத்தைந்து மணி நேரத்தில், ஏறத்தாழ இருபது மணி நேரத்தை அது ஓடு பூசும் அறையில்தான் கழிக்கிறது; அதிலும் பெரும்பகுதிப் பூச்சு, கோழி எதையும் தின்னாமல் கம்பின்மேல் உட்கார்ந்திருக்கும் இரவில் நடக்கிறது. இந்த இக்கட்டுக்காகவே பெட்டையின் உடல், முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தன் நீண்ட எலும்புகளின் உட்குழியில் ஒரு தனிச் சேமிப்பைக் கட்டத் தொடங்குகிறது. தீனிப்பையும் குடலும் காலியான இரவு வேளைகளில் அதிலிருந்து கடன் வாங்கி ஓட்டைப் பூசி, மறுநாள் தின்றதைக் கொண்டு அந்தக் கடனை அடைக்கிறது. கடன் அடையாமல் நாள் கடந்தால் முதலில் தோல்முட்டை வரும். அதற்கும் மசியாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் பெட்டைக்கு எலும்பு உளுத்துப்போகும்.

தின்ற கால்சியத்தில் பாதி அளவே உடலில் சேர்வதால், தினமும் முட்டையிடும் பெட்டைக்கு ஏறத்தாழ நான்கு கிராம் தேவைப்படுகிறது. அது ஒரு நாளில் தின்னும் தீவனம் 110 கிராம் என்றால், 1 விழுக்காடு கால்சியம் உள்ள தீவனத்திலிருந்து அதற்குக் கிடைப்பது 1.1 கிராம் மட்டுமே. மீதி மூன்று கிராமைத் தனியாகத் தர வேண்டும். கிளிஞ்சலில் 38 விழுக்காடு கால்சியம் இருப்பதால், நாளொன்றுக்குத் தலைக்கு எட்டு கிராம் அளவில் கிளிஞ்சல் தின்றால் கணக்கு நேராகிவிடும். இதை நாம் அளந்து ஊட்ட வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கால்சியத்துக்கென்று பெட்டைக்குத் தனிப் பசி இருக்கிறது. காலை முழுவதும் கிளிஞ்சல் கிண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்காத பெட்டைகள், பொழுது சாயத் தொடங்கியதும், அன்று இரவு ஓடு பூச வேண்டியவை மட்டும், ஒவ்வொன்றாக அதை நோக்கி நடந்து போவதை நான் எத்தனையோ மாலைகளில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தீவனத்தைக் கொத்துவதுபோல் அவசரமாகக் கொத்துவதில்லை. ஒரு துண்டை எடுத்து, கீழே போட்டு, வேறொரு பெரிய துண்டைத் தேர்ந்து விழுங்கும். பெரிய துண்டு அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும் என்பது அதற்குத் தெரிந்துதான் தேர்கிறதா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. குஞ்சுகளும் கிண்ணத்தில் ஏறி ஒன்றிரண்டைக் கொத்திப் பார்க்கும். சுவை இல்லாததால் போய்விடும். என் ஐந்து பெட்டைகளும் வாரத்துக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கிளிஞ்சலைத் தீர்த்தன. கிழவிகள் இரண்டும் முட்டையிட்ட வாரங்களில் மட்டும் பக்கத்தில் போயின. முட்டை ஓட்டையே காயவைத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கி வைத்தாலும் இதே பயன் உண்டு.

ஆகவே என் முற்றத்தில் எல்லோருக்கும் ஒரே தீவனம்: புரதம் 18 விழுக்காடு, கால்சியம் 1 விழுக்காடு, பக்கத்தில் கிளிஞ்சல் கிண்ணம். இந்தத் தீவனம் ஒரு கிழப் பெட்டைக்கும் சேவலுக்கும் தேவைக்கு மேல் புரதம் தருகிறது என்பது உண்மை. மிஞ்சிய புரதம் யூரிக் அமிலமாகி எச்சத்தில் போகும். கூட்டின் தரை சற்று அதிகம் ஈரமாகும், அமோனியா நெடி ஏறும், உமியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், செலவும் கூடும். அவ்வளவுதான். கிழவிக்குச் செய்யும் தவறு துடைப்பத்தோடு தீர்ந்துவிடுகிறது. குஞ்சுக்குச் செய்யும் தவறு சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டில் எதைச் செய்வது என்று யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. முட்டைக்கோழித் தீவனத்தையும் வளர் தீவனத்தையும் பாதிக்குப் பாதி கலந்து போடுவோரைக் கண்டிருக்கிறேன். அது நடுவழி போலத் தோன்றினாலும், குஞ்சுக்குக் கால்சியம் இரண்டு மடங்குக்கு மேல், முட்டைக்கோழிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு என்று இருவருக்கும் பொருந்தாத கலவை அது.

தீவனத்தின் வடிவம் பற்றியும் ஒரு சொல். குச்சித் தீவனத்தைச் சிறு குஞ்சால் விழுங்க முடியாது. தூள் தீவனத்தில் கோழிகள் பெரிய மணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு மாவை விட்டுவிடும். முதலில் வரும் பெரியவர்கள் மணியைத் தின்ன, பின்னால் வரும் சிறியவர்களுக்கு அடியில் தங்கிய மாவே கிடைக்கும். கலவையின் வைட்டமின்களும் தாதுக்களும் பெரும்பாலும் அந்த மாவில்தான் இருக்கின்றன என்பதால், மணியை மட்டும் தின்றவரும் முழு உணவு தின்றவர் ஆவதில்லை. குருணைத் தீவனம்தான் எல்லா வாய்க்கும் பொருந்துகிறது. தொட்டியின் அடியில் சேரும் மாவை நான் வீசுவதில்லை. வெந்நீர் தெளித்துப் பிசைந்து காலையில் வைத்தால் கிழவிகள் அதைத்தான் முதலில் தேடி வருகின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் தீராததை எடுத்துவிட வேண்டும். ஈரத் தீவனம் சீக்கிரம் புளித்துப்போகும்.

குஞ்சுத் தீவனத்தில் மருந்து கலந்ததும் உண்டு, கலக்காததும் உண்டு. கலப்பு மந்தைக்காரர் இதைப் பார்க்காமல் மூட்டையைத் தூக்கி வந்துவிடக்கூடாது. இந்த மருந்து பெரும்பாலும் ரத்தக்கழிச்சலுக்கானது. பெரிய கோழிகள் இந்நோய்க் கிருமிக்கு எதிர்ப்பு பெற்றுவிட்டதால் நலமாகவே இருக்கும். ஆனால் எச்சத்தில் அந்தக் கிருமியின் கண்ணுக்குத் தெரியாத முட்டையுறைகளைச் சிந்திக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளே அதில் விழுகின்றன. இந்த நோய்க்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது: உருவத்தில் அது தயமின் எனப்படும் வைட்டமின் பி1 போலவே இருப்பதால், கிருமி அதைத் தயமின் என்று நம்பி எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது.

தயமின் என்ற பொருளை உலகம் கண்டுகொண்ட கதையிலும் கோழிகள்தான் இருக்கின்றன என்பதால் இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மானின் ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழத் தொடங்கின. பிறகு அதேபோல் திடீரென்று தேறின. இடையில் நடந்தது சமையற்கட்டு விவகாரம்: மருத்துவமனையில் மிஞ்சிய, தவிடு நீக்கிய அரிசிச் சோறு சில காலம் கோழிகளுக்குப் போயிருக்கிறது, புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்களுக்கான சோற்றைக் கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்ததும் அவை தவிடுள்ள, அதாவது தயமின் உள்ள, அரிசிக்குத் திரும்பியிருக்கின்றன. அந்த இழையைப் பிடித்துப் போனதுதான் வைட்டமின் ஆய்வின் தொடக்கங்களில் ஒன்று; 1929-ல் ஐக்மானுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு கோழி தள்ளாடினால் முதலில் அதன் தட்டைப் பார் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

மருந்துத் தீவனத்துக்குத் திரும்புவோம். குஞ்சுக்காகக் கலந்த மருந்தை முட்டையிடும் பெட்டையும் தின்னும் என்பதால், அந்த முட்டையை உண்ணலாமா, எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை மூட்டையின் சீட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கு மருந்து இது மாறும். நிகார்பசின் போன்ற மருந்து முட்டையிடும் கோழிக்குள் போனால் முட்டை குறையும், பழுப்பு ஓடு வெளுத்துவிடும். மோனென்சின் வகையைச் சேர்ந்தவை குதிரைக்கு நஞ்சு. கோழித் தீவனத்தில் வாய் வைக்கும் குதிரை பக்கத்தில் இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். எல்லோரும் ஒரே தொட்டியில் தின்னும் இடத்தில் மருந்து கலக்காத தீவனமே தொல்லை இல்லாதது என்பது என் எண்ணம். ரத்தக்கழிச்சலைத் தரையை உலர்வாக வைத்தும் தொட்டிகளில் எச்சம் விழாமல் உயர்த்தியும் பெருமளவு தடுத்துவிடலாம்.

இத்தனையும் சரியாகச் செய்திருந்தேன். ஆனாலும் அந்த மூன்றாவது இளம்பெட்டையின் தீனிப்பை வெறுமையாக இருந்தது.

மறுநாள் வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல், தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முட்டையிடும் பெட்டைகளில் ஒன்று, கழுத்தில் மட்டும் சிவப்பு இறகு கொண்டது, தின்று முடித்த பிறகும் தொட்டியை விட்டு நகராமல் அதன் பக்கத்திலேயே நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது. இளம்பெட்டைகள் நான்கும் சேர்ந்து வந்தன. சிவப்புக் கழுத்து கொத்தக்கூட இல்லை. கோதுவதை நிறுத்தித் தலையை மட்டும் உயர்த்தியது. மூன்று இளம்பெட்டைகள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் இரண்டு வாய் அள்ளிக்கொண்டு ஓடின. இந்தச் சிறியது மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, தரையில் ஒன்றும் இல்லாத இடத்தில் இரண்டு முறை கொத்திவிட்டு, வேலியோரம் திரும்பிப் போனது. காலையிலிருந்து நண்பகல் வரை அது ஆறு முறை வந்து ஆறு முறையும் இப்படியே திரும்பியது. சண்டை, ரத்தம், பிடுங்கிய இறகு என எதுவும் இல்லாததால்தான் பல நாள் எனக்கு இது தெரியாமலே போயிருக்கிறது.

கோழிகளுக்குள் இருக்கும் இந்தக் கொத்து வரிசையை 1920களின் தொடக்கத்தில் எழுதி உலகுக்குச் சொன்னவர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர். யார் யாரைக் கொத்தலாம், யார் யாரிடம் கொத்து வாங்க வேண்டும் என்பது மந்தையில் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தீர்மானமான பிறகு தலையை உயர்த்தினாலே போதும். பந்திக்கு முந்து என்பது கோழிகளைப் பொறுத்தவரை அறிவுரை ஆவதில்லை. முந்துகிறவர் யார் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஒரே தொட்டி இருக்கும் இடத்தில், அந்தத் தொட்டி வரிசையின் மேல்படியில் உள்ளவளின் சொத்து. உள்ளே இருப்பது 18 விழுக்காடு புரதமா 20 விழுக்காடா என்பது கடைசிப் படியில் நிற்பவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

தலைக்குப் பத்து சென்டிமீட்டர் தொட்டி விளிம்பு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. என் தொட்டி அதற்கு மேலேயே இருந்தது. ஆனால் நீளமான ஒரே தொட்டியை ஒரே பார்வையில் காவல் காக்க முடியும் என்பதை அந்த அளவு கணக்கில் கொள்வதில்லை. நான் செய்தது, அதே அளவு தீவனத்தை மூன்று இடங்களில் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணில் படாதபடி வைத்ததுதான்: ஒன்று பழைய இடத்தில், ஒன்று கூட்டின் பின்புறம், ஒன்று செங்கல் அடுக்குக்கு அப்பால். எந்த இடத்திலும் முட்டுச் சந்து இல்லாமல், வந்த வழியிலும் எதிர் வழியிலும் ஓட இடம் இருக்க வேண்டும். மூலையில் தொட்டி வைத்தால் சிறியது உள்ளே போகவே அஞ்சும். விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் தீவனம் சிந்தாது என்ற விதியைப் பெரியவர்களுக்கான தொட்டியில் மட்டும் பின்பற்றினேன். மற்ற இரண்டையும் தாழ வைத்துக் கொஞ்சம் சிந்துவதைப் பொறுத்துக்கொண்டேன்.

குஞ்சுகளுக்கு வேறு ஏற்பாடு. கம்பி வலைச் சட்டத்தால் ஒரு பெட்டி செய்து, ஒரு பக்கத்தில் குஞ்சு மட்டும் நுழையும்படி நெடுக்குக் கம்பிகளை நிறுத்தினேன். முதலில் விட்ட இடைவெளி எட்டு சென்டிமீட்டர். மெலிந்த கிழவி ஒருத்தி தோள்வரை உள்ளே போய் மாட்டிக்கொண்டு கூச்சல் போட்டாள். ஆறாகக் குறைத்தேன். அடுத்த நாள், தட்டைக் கம்பிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் பெட்டைகள் வெளியே நின்றபடி கழுத்தை மட்டும் நீட்டிக் குஞ்சுத் தட்டைத் துடைத்து வைத்திருந்தன. கோழியின் கழுத்து எவ்வளவு நீளும் என்பதை அன்று அளந்து, எந்தப் பக்கத்திலிருந்தும் நாற்பது சென்டிமீட்டர் உள்ளே தட்டை நகர்த்தினேன். அதன் பிறகும் குஞ்சுகள் உள்ளே நிற்கவில்லை; வெளியே நின்ற தாய் கூப்பிடக் கூப்பிட ஓடி வந்துவிட்டன. தாய்க்கும் ஒரு தட்டைப் பெட்டியை ஒட்டி வெளியே வைத்த பிறகுதான், அவள் அங்கே தின்ன, குஞ்சுகள் வலைக்கு அப்பால் தின்றன. இந்தப் பெட்டி நான்கைந்து வாரம்தான் உதவும். பதினொரு வாரத்து இளம்பெட்டையும் கிழவியும் ஏறத்தாழ ஒரே சுற்றளவில் இருப்பதால், அவர்களைக் கம்பியால் பிரிக்க முடியாது. மறைவால்தான் பிரிக்க முடியும்.

தாய் உடனிருக்கும் குஞ்சுகள் ஒரு வகையில் கொடுத்து வைத்தவை. பொரிப்பதற்கு முன்பே மஞ்சள் கருவின் மீதியை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாளைக்குக் குஞ்சுக்குத் தீனி இல்லாமலும் ஓடும். அதற்குள் தாய் எது தின்னத்தக்கது என்று காட்டிக் கொடுத்துவிடும். ஒரு குருணையை எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, அடித்தொண்டையில் விரைவாகக் கொக்கரித்துக் காட்டும். குஞ்சுகள் அதன் அலகிலிருந்தே பறித்துக்கொள்ளும். இருபத்தொரு நாள் அடையில் ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் இறங்கித் தின்ற அந்தத் தாய் எலும்பும் தோலுமாக இருப்பாள். குஞ்சுகளோடு சேர்ந்து குஞ்சுத் தீவனத்தையே தின்பது அவளுக்கும் நல்லது, முட்டையிடாத நாட்களில் அவளுக்குக் கூடுதல் கால்சியம் எதற்கு? கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்ற பழமொழி பெற்ற தாய்க்குத்தான் பொருந்தும். அடுத்த வீட்டுக்காரி போன்ற மற்றப் பெட்டைகள் தொட்டியருகே மிதிக்கத்தான் செய்வார்கள். சில வாரங்களில் தாய் மறுபடியும் கேறத் தொடங்கி, முட்டையிட இடம் தேடி, தன் குஞ்சுகளையே கொத்தி விரட்டும் நாள் வரும். அந்த வாரத்தில் குஞ்சுகள் பாதுகாப்பிலிருந்து நேராக வரிசையின் கடைசிப் படிக்கு விழுகின்றன. அவற்றின் தீனிப்பையைத் தினமும் பார்க்க வேண்டிய வாரம் அதுதான்.

மாலையில் தானியம் இறைப்பதில் உள்ள இன்பத்தை நானும் விட்டுவிடவில்லை. கூப்பிட்டால் எல்லோரும் ஓடி வருவது அதற்காகத்தான். ஆனால் மக்காச்சோளத்தில் புரதம் எட்டு விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 16 விழுக்காடு தீவனம் நூறு கிராம் தின்ன வேண்டிய கோழி, அதில் முப்பது கிராமுக்குப் பதில் சோளம் தின்றால், அன்றைய அதன் உணவில் புரதம் 13.6 ஆகிவிடுகிறது. இறைத்ததை முதலில் பொறுக்குவதும் மேல்படிக்காரர்களே. ஆகவே கொழுப்பு அவர்களுக்குச் சேர்கிறது, கல்லீரலில் கொழுப்பு ஏறி உள்ளே ரத்தம் கசிந்து திடீரென்று சாவதும் அப்படிக் கொழுத்த பெட்டைகளே. நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறைப்பதில்லை. அதையும் ஒரே குவியலாகப் போடாமல் வீசி இறைத்தால் கடைசிப் படிக்கும் சில மணிகள் போகும்.

தீவனம் தவிர வேறெதையும் கொத்தும் குஞ்சுக்கு, அரைவைப்பையில் தீனியை அரைக்க நுண்ணிய கருங்கல் மணல் வேண்டும். பெரியவற்றுக்குச் சற்றுப் பருத்த கல்மணி. கிளிஞ்சல் இதற்கு ஈடாகாது, கரைந்துவிடும். தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். குஞ்சுத் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு ஆழத்தைக் குறைக்காவிட்டால் அதில் விழுந்து செத்துப்போகும்.

இறகு உதிர்க்கும் காலத்தில் இந்த 18 விழுக்காடு தீவனம் தானாகவே கைகொடுக்கிறது. இறகின் எடையில் ஏறத்தாழ எண்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் புரதம் என்பதால், முட்டையை நிறுத்திவிட்டு இறகு கட்டும் பெட்டைக்கு அப்போது கால்சியத்தைவிடப் புரதமே தேவை. கிழவிகளுக்கு வேறு சிக்கல்: வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், ஓட்டுக்குப் போகும் கால்சியம் அதே அளவில் இருக்கும்; எனவே ஓடு மெலியும். சேவலைப் பற்றி ஒன்று. தீனி கண்டால் அது தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு நிற்கும். பெட்டைகள் அதைப் பெருந்தன்மை என்று எண்ணுமோ என்னவோ, மார்பெலும்பு கத்திபோல் துருத்தத் தொடங்கினால் அதைத் தனியே பிடித்து ஊட்ட வேண்டியது நான்தான்.

மூட்டையைக் காப்பது பற்றி எழுதாமல் விட முடியாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது, தீவனத்தில் சேர்த்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. இளம் உடல்களே இந்த நஞ்சுக்கு முதலில் பலியாகின்றன என்பதால், கிழவிகள் தின்று ஒன்றும் ஆகவில்லையே என்று கட்டி தட்டிய தீவனத்தைக் குஞ்சுகளுக்கு வைக்கக்கூடாது. மூட்டையைத் தரையில் சாத்தாமல் மூடியுள்ள டின்னில் கொட்டி, ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குகிறேன். பழைய அடிமாவின்மேல் புதியதைக் கொட்டுவதில்லை.

மூன்று தொட்டிகள் வைத்த முதல் நாள் இரவு, மூன்றாவது இளம்பெட்டையின் தீனிப்பையில் ஒரு பிடி இருந்தது. நான்காம் நாள் பந்தாகத் திரண்டிருந்தது. எடை போட்டபோது அதன் உடன்பிறப்புகள் தொள்ளாயிரம் கிராமைத் தொட்டுக்கொண்டிருக்க, இது அறுநூற்று நாற்பதில் நின்றது. அந்த இடைவெளி பாதியாகக் குறைய ஐந்து வாரம் ஆனது, முழுவதும் மறையவே இல்லை. மற்ற மூன்றும் இருபதாம் வாரத்தை ஒட்டி முட்டையிடத் தொடங்கின. இது இருபத்து நான்காம் வாரத்தில், கொண்டை சிவந்து, கை வைத்தால் முதுகைத் தாழ்த்திக் குந்தத் தொடங்கியது. முதல் முட்டைக்கு ஒன்பது நாள் முன்பே, ஒரு மாலையில், பெரியவர்கள் விலகிய நேரம் பார்த்து அது கிளிஞ்சல் கிண்ணத்துக்கு நடந்து போனதைப் பார்த்தேன். ஒரு துண்டை எடுத்தது, போட்டது, பெரியதை எடுத்தது.

இப்போது செங்கல் அடுக்குக்கு அப்பால் உள்ள தொட்டி அதனுடையது. போன வாரம், தாய் கைவிட்ட ஏழு குஞ்சுகளில் ஒன்று அங்கே போனபோது, இறகு கோதிக்கொண்டிருந்த அது தலையை மட்டும் உயர்த்தியது. குஞ்சு திரும்பி வேலியோரம் போனது. அன்று இரவு டார்ச்சோடு போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, காலையில் நான்காவது தொட்டிக்கு இடம் தேடினேன். முருங்கை அடிமரத்துக்குப் பின்னால், மூன்றிலிருந்தும் பார்த்தால் தெரியாத ஒரு இடம் இருந்தது.